வளை தோண்டும் இறால்... வாசல் காக்கும் மீன்!

வாசகர் கேள்வி - பதில்

"எங்களுக்கு இரண்டு ஏக்கரில் வனாமி இறால் குளம் இருக்கிறது. குஞ்சு விட்டு 20 நாள் ஆகிறது. வீச்சுவலை போட்டுப் பார்த்தபோது, விரல் நீளத்தில் உளுவை மீன்கள் சிக்கின. உடனே அழித்துவிடலாம் என்று நான் சொன்னேன். 'கடலில் இந்த ஜாதி மீன்தான் இறாலுக்குக் காவல் இருக்கிறது. செல்போனில் வீடியோவே பார்த்தேன். அப்படியே விட்டுடுங்கப்பா' என்கிறான் மகன். இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சு. யார் சொல்வது சரி?"

- நாகப்பட்டினம் மாவட்ட வாசகர் ஒருவர்

மகன் பார்த்த வீடியோ உண்மை. ஆனால், குளத்தில் சிக்கிய மீன் அந்த மீன் இல்லை. குளத்து உளுவையை விட்டுவைத்தால் நஷ்டம்தான். அப்பா சொன்னதே சரி. அதேநேரம், மகன் கேட்டதில் தவறும் இல்லை. ஒரே குடும்பத்து மீன்களில் ஒன்று இறாலுக்குக் காவலாகவும், இன்னொன்று இறாலைத் தின்பதாகவும் இருப்பது எப்படி என்று தெரிந்துகொண்டால், இருவருக்குமே பதில் கிடைத்துவிடும்.

இயக்கன் பெயர் கொண்ட மீன்

உளுவை, கோபி என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகின் பெரிய மீன் குடும்பங்களில் இதுவும் ஒன்று. ஏறத்தாழ 2,000 இனங்கள் இதில் உண்டு. ஏரி, குளம், கழிமுகம், கடல் என்று எல்லா இடத்திலும் இருக்கின்றன. பெரும்பாலானவை சிறியவை, தரையோடு ஒட்டி வாழ்பவை. இவற்றில் 100-க்கும் மேற்பட்ட கடல் இனங்கள் மட்டும், இறால் தோண்டிய வளைக்குள் இறாலோடு சேர்ந்து குடியிருக்கின்றன. வீடியோக்களில் வருவது இந்த மீன்கள்தான்.

இவற்றில் அழகான ஒன்று 'யாஷா கோபி'. மேற்குப் பசிபிக் கடலில், பவளப்பாறைகளை ஒட்டிய மணல் தரையில் வாழ்கிறது. சுமார் 5 சென்டிமீட்டர்தான் வளரும். வெள்ளை உடம்பில் நீளவாக்கில் செந்நிறக் கோடுகள், முதுகில் கொடிபோல உயர்ந்து நிற்கும் துடுப்பு. யோஷினோ, ஷிமாடா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001-ம் ஆண்டு இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள்.

'யாஷா' என்பது நமக்கு அந்நியமான சொல் அல்ல. 'யட்சன்' என்ற வடசொல்தான் பௌத்தத்தோடு கிழக்கே போய், ஜப்பானில் 'யாஷா' ஆனது. தமிழில் அதுவே இயக்கன், இயக்கி. தென்மாவட்டங்களில் கும்பிடும் இசக்கியம்மன் பெயரும் இதே வழியில் வந்தது என்பார்கள். இந்த மீனின் வாயில் இருக்கும் கோரைப்பற்களைப் பார்த்துத்தான் யாஷா என்று பெயர் வைத்தார்கள். ஆனால், பழங்கதைகளில் இயக்கர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. குபேரனின் புதையலைக் காவல் காப்பது அவர்கள்தான். இந்த மீன் செய்வதும் காவல் வேலைதான்.

கண் ஒருவருக்கு... உழைப்பு ஒருவருக்கு!

யாஷா கோபியோடு குடியிருப்பது 'சொடுக்கு இறால்' வகையைச் சேர்ந்த ஒரு சின்ன இறால். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருக்கும். வனாமி, வரி இறால்போல நீந்தித் திரிவது அல்ல இது. வளை தோண்டி, அதற்குள்ளேயே வாழ்வது. இந்த வகை இறால்களுக்கு ஒரு கொடுக்கு பெரிதாக இருக்கும். அதைச் சொடுக்கினால், வேகத்தில் நீருக்குள் ஒரு குமிழி உண்டாகி உடனே உடையும். 'டப்' என்ற சத்தம் அந்தக் குமிழி உடைவதால் வருகிறது என்று 2000-ம் ஆண்டில்தான் கண்டுபிடித்தார்கள்.

இத்தனை வலுவான கொடுக்கு இருந்தும், இந்த இறாலுக்கு ஒரு பெரிய குறை. கண் பார்வை மிகவும் மங்கல். வாய்க்கு அருகே பெரிய மீன் வந்து நின்றாலும் தூரத்திலேயே தெரிந்துகொள்ள முடியாது. ஆனாலும், வெளியே வராமல் இருக்க முடியாது. ஏனென்றால், மணலில் தோண்டிய வளை சரிந்துகொண்டே இருக்கும். ஆற்று மணலில் ஊற்று தோண்டியவர்களுக்கு இது தெரியும். அள்ள அள்ளப் பக்கவாட்டில் இருந்து மணல் இறங்கும். இறால் நாள் முழுக்க மணலைக் கொடுக்குகளால் தள்ளிவந்து வாசலுக்கு வெளியே கொட்ட வேண்டும். சிப்பித் துண்டு, பவளத் துண்டு கிடைத்தால் கொண்டுபோய்ச் சுவருக்கு முட்டுக்கொடுக்கும். வாய்க்காலைத் தூர் வாருவதுபோல ஓயாத வேலை.

மீனின் நிலைமை நேரெதிர். கண் கூர்மை. தூரத்தில் எதிரி வருவது தெரியும். ஆனால், வெட்டவெளி மணல் தரையில் ஓடி ஒளிய இடம் கிடையாது. சொந்தமாக ஆழமான வளை தோண்டவும் வராது. 5 சென்டிமீட்டர் மீனை விழுங்கப் பவளப்பாறையில் பெரிய மீன்களுக்குப் பஞ்சமில்லை.

ஒருவரிடம் வீடு இருக்கிறது, கண் இல்லை. இன்னொருவரிடம் கண் இருக்கிறது, வீடு இல்லை. இந்த இரண்டு குறையும் சேர்ந்துதான் ஒரு குடித்தனம் ஆகியிருக்கிறது.

மீசை தொட்டபடி நடக்கும் வேலை

மீன் வாசலில் நிற்கும். யாஷா கோபி, வாசலுக்குச் சற்று மேலே மிதந்தபடி, நீரோட்டத்தில் வரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்றுகொண்டே காவல் பார்க்கும். மற்ற பல கோபி இனங்கள் வாசலில் மணல்மீது படுத்திருக்கும். அந்த இனங்களை வைத்துத்தான் இந்தக் கூட்டணியை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

1958-ம் ஆண்டு, செங்கடலில் கண்ட இந்தக் கூட்டுவாழ்க்கையைப் பற்றி ஜெர்மானிய ஆய்வாளர் லூதர் எழுதினார். பிறகு 1970-களில், இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர் இலான் கார்ப்ளஸ், அதே செங்கடலில் இவை எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று ஆராய்ந்தார். அப்போது தெரியவந்த சங்கதி இதுதான்.

மணல் சுமந்து வெளியே வரும் இறால், தன் நீண்ட மீசையில் ஒன்றை மீனின் உடம்பில் வைத்துக்கொள்ளும். வெளியே இருக்கும்வரை பெரும்பாலும் அந்தத் தொடுதலை விடாது. கண் தெரியாதவர், கூட வருபவரின் தோளில் கை வைத்து நடப்பதுபோல. எதிரி மீன் நெருங்கினால், கோபி தன் வாலை வெடுக்கென்று நடுக்கும். மீசை வழியாக அந்த நடுக்கம் தெரிந்தவுடன், இறால் சுமையைப் போட்டுவிட்டு உள்ளே பின்வாங்கும். ஆபத்து மிக அருகில் வந்துவிட்டால், மீன் தலைகுப்புற வளைக்குள் பாயும். அதற்குள் இறால் உள்ளே போயிருக்கும்.

எல்லா மீனையும் பார்த்து கோபி இப்படிப் பதறுவதில்லை. புல், பாசி மேயும் மீன் பக்கத்தில் போனால் சும்மா இருக்கும். வேட்டை மீன் என்றால் வால் ஆடும். எதற்கெடுத்தாலும் குரைக்கிற நாயை நம்பி யாரும் தூங்க மாட்டார்கள்; வேலையும் நடக்காது. காவல் என்றால் ஆளறிந்து குரல் கொடுக்க வேண்டும்.

வாசலில் மீன் இல்லாவிட்டால் இறால் வெளியே வராது. காலையில் வளை திறந்ததும் மீன்தான் முதலில் தலைநீட்டிப் பார்க்கும். பிறகே இறால் வேலையைத் தொடங்கும். பொழுது சாய்ந்ததும் மீன் உள்ளே போய்விடும்; வாசல் மணலால் அடைபடும். இரவு முழுக்க இரண்டும் ஒரே கூரையின் கீழ். பெரும்பாலும் மீனில் ஓர் இணை, இறாலில் ஓர் இணை என்று ஒரே வளையில் இருக்கும். மீன் முட்டை இடுவதும் வளைக்குள்தான்.

சாப்பாட்டிலும் கொடுக்கல் வாங்கல் உண்டு. வளைக்குள் மீன் போடும் எச்சம், இறாலுக்கு உணவாகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். தொழுவத்துச் சாணத்தை வீணாக்காத குடும்பங்களுக்கு இதில் ஆச்சர்யம் இருக்காது.

சரி, குளத்து உளுவை ஏன் காவல்காரன் ஆகாது?

இதுவரை பார்த்ததை வைத்தே பதில் சொல்லிவிடலாம். கடலில் நடப்பது, இரண்டு பக்கமும் வேலை செய்வதால் நிற்கும் கூட்டு. இறால் வளை தோண்ட வேண்டும். மீன் அந்த வளையில் ஒதுங்க வேண்டும். மீசைக்கும் வாலுக்கும் பொதுவான ஒரு பாஷை இருக்க வேண்டும். வனாமி இறால் இப்படி வளை தோண்டி வீடு கட்டுவதில்லை. குளத்து உளுவைக்கு இறாலிடம் இருந்து வீடு தேவையில்லை. அதற்குத் தேவை, வாய்க்குள் அடங்கும் உணவு.

உளுவை ஊன் தின்னும் மீன். சிறு மீன், பூச்சி, இறால் குஞ்சு எல்லாவற்றையும் பிடித்துத் தின்னும். தரையோடு தரையாகப் படுத்திருந்து பாயும். வனாமி இறாலும் தரையில்தான் மேய்கிறது. குளத்தில் விடும்போது குஞ்சுகள் 1 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். விரல் நீள உளுவைக்கு அவை ஒரு வாய் உணவு. தப்பிப் பிழைத்த இறாலுக்குப் போடும் தீவனத்திலும் உளுவை பங்கு கேட்கும். இறால் வளர்ப்புச் செலவில் பெரும் பங்கு தீவனத்துக்கே போகிறது என்பதை வளர்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செக் டிரேயில் தீவனம் காலியாகிறதே, இறால் நன்றாகத் தின்கிறது என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். அறுவடையில்தான் கணக்கு உதைக்கும்.

இதைவிடப் பெரிய கவலை வேறு. உளுவை தானாகக் குளத்தில் முளைக்கவில்லை. தண்ணீர் ஏற்றும்போது முட்டையாகவோ, குஞ்சாகவோ உள்ளே வந்திருக்கிறது. அப்படியானால், வடிகட்டி வலையில் எங்கோ கிழிசல் இருக்கிறது. அல்லது கண் பெரிதாக இருக்கிறது. மீன் குஞ்சு நுழைந்த வழியில் நண்டுக் குஞ்சும், காட்டு இறாலும் நுழையும். வெண்புள்ளி நோய்க் கிருமியைச் சுமந்து வருபவை அவைதான். எனவே, வலையில் சிக்கிய உளுவையை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகையில் மட்டும், அதுவும் வாலை ஆட்டித்தான் இருக்கிறது.

இப்போது என்ன செய்யலாம்?

குளத்தில் இறால் இருக்கும்போது பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. மீனோடு சேர்த்து இறாலும் செத்துவிடும். பூச்சிக்கொல்லிகளின் பக்கமே போகக் கூடாது.

மீனை மட்டும் கொல்லப் பயன்படுவது, தேயிலை விதைப் புண்ணாக்கு. அதில் உள்ள சபோனின் என்ற பொருள் மீனின் செவுள் வழியே போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். இறாலின் ரத்தம் வேறு வகை என்பதால், அளவோடு போட்டால் தாங்கிக்கொள்ளும். உப்புநீரில் லிட்டருக்கு 15 முதல் 20 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 1 மீட்டர் ஆழம் உள்ள ஓர் ஏக்கர் குளத்துக்கு, இது சுமார் 60 முதல் 80 கிலோ வரும். உப்பு குறைந்த தண்ணீரில் இதன் வீரியம் குறையும். அதனால், உப்புத்தன்மையையும் ஆழத்தையும் அளந்து, உங்கள் பகுதி மீன்வளத் துறை அலுவலரிடமோ, நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ கேட்டு அளவை முடிவு செய்துகொள்ளுங்கள்.

புண்ணாக்கைத் தூளாக்கி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலை வெயில் வந்தபின் கரைசலைக் குளம் முழுக்கத் தெளிக்க வேண்டும். ஏரேட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் புண்ணாக்கு இறாலைத் தோல் உரிக்கத் தூண்டும். அதனால், இறால் சோர்ந்திருந்தாலோ, நோய் அறிகுறி இருந்தாலோ, அந்தச் சமயத்தில் போடாதீர்கள். செத்து மிதக்கும் மீன்களை அன்றே அரித்து எடுத்துவிடுங்கள். அந்தத் தண்ணீரை உடனே பொதுவாய்க்காலில் திறந்துவிட்டால், வெளியில் இருக்கும் மீனும் சாகும். அதைச் செய்யாதீர்கள்.

அடுத்த போகத்துக்கு, குளத்தை வெடிப்பு விழும்வரை காயவிட்டு, தண்ணீர் ஏற்றும் குழாய் வாயில் நெருக்கமான கண் உள்ள வடிகட்டிப் பையை இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். ஒவ்வொரு முறை தண்ணீர் ஏற்றும் முன்பும் பையில் கிழிசல் இருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள். அந்த வேலையை மகனிடமே கொடுக்கலாம். இவ்வளவு கவனித்துக் கேள்வி கேட்பவன், கிழிசலையும் கவனிப்பான்.

"கடல் மீன் தொட்டி வைக்கப் பலரும் ஆசைப்படுகிறார்கள். இறாலோடு வாழும் கோபி போன்ற கடல் வண்ண மீன்களைப் பிடித்து விற்றாலோ, வளர்த்து விற்றாலோ லாபம் வருமா? கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்."

- ராமநாதபுரம் மாவட்ட வாசகி ஒருவர்

முதலில், பிடிப்பது பற்றி. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய கடல்பகுதி தேசியப் பூங்கா. அதற்குள் எந்த உயிரினத்தைப் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். பவளம், கடல் குதிரை போன்றவை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. யாராவது 'பிடித்துக் கொடுத்தால் நல்ல விலை' என்று ஆசைகாட்டினால், வழக்கும் உங்கள் பெயரில்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம். தவிர, வளையில் இருந்து மீனை மட்டும் பிடித்துப் போனால், உள்ளே இருக்கும் இறாலுக்கு வாசல் காக்க ஆள் இருக்காது.

யாஷா கோபி நம் கடலில் கிடைப்பது அல்ல. பசிபிக் கடலில் ஆழத்தில் மூழ்கிப் பிடித்து வெளிநாட்டுச் சந்தைக்குக் கொண்டுவரப்படுவது. அதனால் விலை அதிகம். கடல்நீருக்கு நிகரான உப்புத்தன்மை, மாறாத வெப்பநிலை, இறால் வளை தோண்டுமளவு மணல் எல்லாம் வேண்டும். தொட்டிக்கு மூடியும் அவசியம். மிரண்டால் துள்ளி வெளியே விழுந்துவிடும். கடன் வாங்கி முதலில் தொடங்கும் தொழிலுக்கு இது ஏற்றதல்ல.

வண்ணமீன் தொழிலில் இறங்க விரும்பினால், கப்பி, மோலி போன்று குட்டி போடும் நன்னீர் மீன்களில் இருந்து தொடங்குங்கள். சிமென்ட் தொட்டியிலேயே வளர்க்கலாம். சென்னை கொளத்தூரில் வீட்டுக்கு வீடு இதைத்தான் செய்கிறார்கள். கையில் பழக்கம் வந்தபிறகு கடல் மீனுக்குப் போகலாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், கோமாளி மீனைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. பணம் போடும் முன்பு, அங்கே நேரில் போய் விசாரியுங்கள்.

"மீனும் இறாலும் சேர்ந்து வாழ்வதைப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, 'நம்ம வயல்ல இப்படி ஏதாவது இருக்கா?' என்று பேத்தி கேட்கிறாள். என்ன சொல்வது?"

- விருதுநகர் மாவட்ட மானாவாரி விவசாயி ஒருவர்

பேத்தியை உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை நிற்கும் வயலுக்குக் கூட்டிப்போங்கள். ஒரு செடியை மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுத்து, வேரைக் கழுவிக் காட்டுங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் குடியிருப்பது ரைசோபியம் என்ற நுண்ணுயிர். செடி அதற்கு வீடும் சர்க்கரையும் கொடுக்கிறது. அது காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ, பச்சையாகவோ இருந்தால், குடியிருப்பவர் வேலை செய்யவில்லை.

கோபிக்கும் இறாலுக்கும் உள்ளதுபோல, இங்கேயும் பொருத்தம் பார்க்க வேண்டும். நிலக்கடலைக்கு ஏற்ற ரைசோபியம் வேறு, சோயாவுக்கு ஏற்றது வேறு. கடையில் 'ரைசோபியம் கொடுங்கள்' என்று மட்டும் கேட்காமல், பயிர் பெயரைச் சொல்லி வாங்குங்கள். பாக்கெட்டில் காலாவதி தேதியையும் பாருங்கள். ஒரு ஹெக்டேருக்கான பயறு விதைக்கு 200 கிராம் பாக்கெட் மூன்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிடுங்கள். பூஞ்சணக்கொல்லி மருந்து கலந்த விதை என்றால், ஒரு நாள் விட்டு ரைசோபியம் கலக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், குடிவந்தவரை நாமே விரட்டியதாகிவிடும்.

அடுத்த மழைக்கு விதை நேர்த்தி செய்யும்போது, கஞ்சி கலக்கும் வேலையைப் பேத்திக்குக் கொடுங்கள். பூ எடுக்கும் நேரத்தில் இரண்டு பேருமாகப் போய், வேர் முடிச்சின் உள்ளே நிறம் பாருங்கள்.